கொழும்புத்துறையில் ஒரு பச்சை விளக்கு

பெட்டி பருத்தித்துறைக்குப் போய்விட்டது. நான் நெல்லியடிச் சந்தையடியில் நின்றுகொண்டிருந்தேன்.

வேலைக்காக நெல்லியடியில் ஓர் இடம் பார்க்க மினிபஸ்ஸில் ஏறியபோதே நடத்துநர் என் கையிலிருந்த அட்டைப்பெட்டியை வாங்கி, "அக்கா, இதை முன்னுக்கு வைப்பம். நீங்கள் சுகமாய் நில்லுங்கோ" என்று ஓட்டுநருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். சுகமாய் நிற்பது என்றால் ஒரு காலை ஊன்றிக்கொண்டு இன்னொரு காலுக்கு இடம் தேடுவது என்று அப்புறம்தான் தெரிந்தது. நெல்லியடி வந்ததும் கூட்டம் என்னையும் சேர்த்து வெளியே தள்ளியது. துப்பட்டாவை இழுத்துச் சரிசெய்து நிமிர்ந்தபோது பஸ் வளைவில் மறைந்துவிட்டது.

அந்தப் பெட்டிக்குள் காற்றை அளக்கும் கருவிகள் இருந்தன. சென்னையிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்தவை. விமானத்தில் தலைக்கு மேலே உள்ள தட்டில் வைக்கக்கூட மனம் வராமல், கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வந்தேன். கடைசியில் இப்படியா என்று கண் கலங்கிவிட்டது.

தேநீர்க் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"எங்கையிருந்து வாறியள்?"

"மெட்ராஸ்லேர்ந்துங்க. என் பெட்டி பஸ்ஸுலயே போயிடுச்சு."

"பயப்பிடாதேங்கோ. போன பஸ் திரும்பி இதாலைதானே வரவேணும். இருந்து தேத்தண்ணியைக் குடியுங்கோ."

சென்னைப் பாரிமுனையில் இப்படி ஒரு பெட்டியை விட்டிருந்தால் அதைக் கட்டிய கயிறுகூடத் திரும்பி வந்திருக்காது. இங்கே வடையும் இரண்டாவது தேநீரும் முடிவதற்குள் அதே பஸ் வந்து நின்றது. பெட்டி ஜன்னலோரத்தில் ஒரு அம்மாவின் மடியில் ராஜமரியாதையோடு உட்கார்ந்திருந்தது. நடத்துநர் அதை இரண்டு கையாலும் இறக்கிக் கொடுத்தார்.

"உங்கடை பெட்டி பருத்தித்துறைக் கடல் எல்லாம் பாத்திட்டு வந்திருக்கு. நீங்கள்தான் இன்னும் பாக்கேல்லை."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். பெட்டியை மட்டும் மறுபடி இறுக அணைத்துக்கொண்டேன்.

நான் வேலை செய்யும் இடம் சென்னையில் ஒரு மாடியறை. காற்றில் கலந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத தூசியை அளக்கும் சின்னக் கருவிகளைச் செய்கிறோம். ஒரு சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். முன்பக்கம் ஒரு எண் தெரியும். கூடவே ஒரு விளக்கு. காற்று சுத்தமாக இருந்தால் பச்சை, கெட்டால் மஞ்சள், ரொம்பக் கெட்டால் சிவப்பு. யாழ்ப்பாண நகரத்தில் பெரிய கருவி ஒன்று ஏற்கெனவே உண்டு. ஆனால் ஒரு வீட்டில் காய்ச்சல் பார்த்துவிட்டு ஊர் முழுவதற்கும் மருந்து எழுத முடியாது. பஸ் நிலையத்தில் எப்படி, தோட்டங்களுக்கு நடுவே எப்படி, கடலோரத்தில் எப்படி என்று தனித்தனியாகத் தெரிந்தால்தான், குப்பை எரிப்பதைத் தடுப்பதா, புகை கக்கும் பழைய வண்டிகளைப் பிடிப்பதா என்று நகரத்தை நிர்வகிப்பவர்கள் யோசிக்க முடியும். அதற்காகத்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள்.

எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. இந்தக் கருவிகளைப் பராமரித்து, அவை அனுப்பும் எண்களைச் சரிபார்க்க ஒருவர் ஒரு வருடம் இங்கேயே தங்க வேண்டும். "நீங்க போறீங்களா?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள். ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். என் மகள் தாரணிக்கு ஒன்பது வயது. எங்கள் வீடு எண்ணூர்ப் பக்கம். மாடியில் காயப்போட்ட துணியை உதறினால் கரித்தூள் விழும். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை என்பதால் அங்கிருந்து நகர முடியவில்லை. தாருவுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. மார்கழி, தை மாதங்களில் அவள் மூச்சுக்குள் ஒரு விசில் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் இல்லாத ஒரு வீட்டில் அவளோடு கொஞ்ச நாளாவது இருக்க வேண்டும் என்பதுதான் என்னுடைய பேராசை. ஊரின் காற்றை அளக்கத்தான் வந்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் என் பிள்ளை இங்கே மூச்சு விடுவாளா என்று பார்க்க வந்தேன்.

தங்க இடம் கிடைத்தது கொழும்புத்துறையில். வாசல் படலையைத் திறந்து சில வீடுகள் தாண்டினால் கடல்நீரேரி. வலைகள் காயும், படகுகள் கவிழ்ந்து கிடக்கும், கொக்குகள் யாரையும் சட்டை செய்யாமல் நிற்கும். வீட்டுக்காரி சிவமலர் அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு ரீச்சர். அவர் கணவர் தவராசா அண்ணை ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது ஓட்டோ வைத்திருக்கிறார். "வீட்டிலை சும்மா இருந்தால் மனிசிக்கு இடைஞ்சல். அதுதான் வாங்கினனான்" என்றார். என்னையும் கருவிகளையும் ஊர் ஊராக ஏற்றிப் போகும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார்.

"உங்களுக்குப் பிள்ளையள் எத்தினை?" இதுதான் அக்கா கேட்ட முதல் கேள்வி.

"ஒரே பொண்ணுக்கா. உங்களுக்கு?"

"எங்களுக்கு இல்லை. இன்னும் கொஞ்சம் கறி விடட்டோ?"

இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். நான் தட்டை நீட்டினேன்.

அந்த முதல் நாள் புட்டை நான் இன்னும் மறக்கவில்லை. குசினிக்குப் பின்னால் ஒரு சின்னக் கொட்டில். அதற்குள் விறகடுப்பு. பொச்சுமட்டையும் தென்னம்பாளையும் எரியும் நெருப்பில் வெந்த அரிசிமாப் புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, பக்கத்தில் நண்டுக்கறி. எல்லாவற்றிலும் லேசாகப் புகை மணம். காஸ் அடுப்பும் இருக்கிறதே என்று கேட்டதற்கு, "அது தேத்தண்ணி வைக்க. காஸிலை வைச்சது கறியே?" என்றார் அக்கா. தாருவுக்காக நான் பல வருடங்களாக விறகடுப்புப் பக்கமே போனதில்லை. அன்றைக்கு வெட்கமில்லாமல் மூன்றாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் மனம் சோர்ந்துவிட்டது. திருவெம்பாவைக் காலம். சங்குச் சத்தத்தில் விழித்து வெளியே வந்தால் வீட்டு முன் சந்தான ஒழுங்கை முழுக்க நீலப்புகை. வளவைக் கூட்டி, மாவிலையையும் பலாச்சருகையும் குவித்து, வீட்டுக்கு வீடு நெருப்பு வைத்திருந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. தாரு இதற்குள் ஒரு நாள் தாங்க மாட்டாள் என்று நினைத்தேன். இங்கேயும் இதுதானா என்று ஒரு ஏமாற்றம், யாரையும் குறை சொல்ல முடியாத ஏமாற்றம்.

கருவிகளை முதலில் நகரத்துப் பெரிய கருவியின் பக்கத்திலேயே சில நாட்கள் வைத்து, இரண்டும் ஒரே மாதிரி சொல்கின்றனவா என்று ஒத்துப்பார்த்தோம். உப்புக் காற்றுக்கும் ஈரத்துக்கும் சின்னக் கருவிகள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும். அதற்கு ஏற்பக் கணக்கைத் திருத்திவிட்டு ஒவ்வொன்றாக மாட்டப் புறப்பட்டோம்.

இணுவிலுக்குப் போகும் வழியில் ஓட்டோ நின்றுவிட்டது. தோட்டத்தில் புடோலங்காய் பறித்துக்கொண்டிருந்தவர்கள் வந்து தள்ளினார்கள். தள்ளியவர்களில் ஒருவரின் வீட்டில்தான் கருவியை மாட்ட வேண்டியிருந்தது என்பது பிறகு தெரிந்தது. மதிலில் மாட்டி இயக்கிவிட்டேன். பக்கத்து வளவில் சருகு எரிந்துகொண்டிருந்ததால் எண் சடசடவென்று ஏறித் தொண்ணூற்றெட்டில் நின்றது.

அந்த மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. "இஞ்சை வாருமப்பா" என்று மனைவியைக் கூப்பிட்டார். "தொண்ணூற்றெட்டு. பாத்தீரே எங்கடை காத்தை."

மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "முன்வீட்டுக்காரருக்கு எத்தினை?" என்று கேட்டார்.

எண் கூடினால் கெட்டது என்று நான் சொன்னதும் இருவர் முகமும் விழுந்துவிட்டது. "அப்ப நாங்கள் பெயிலோ?" என்றார் அவர். பக்கத்து வளவைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நெருப்பே அணைந்திருக்கும்.

தவராசா அண்ணை வழி நெடுகச் சிரித்தார். "இஞ்சை மாக்ஸ் எண்டால் விட மாட்டினம். எண்ணைக் குறைக்க நாளைக்கே ரியூசன் தொடங்குவினம், இருந்து பாருங்கோ."

நல்லூர்ப் பக்கம் ஐஸ்கிரீம் குடிக்க நிறுத்தினோம். இங்கே ஐஸ்கிரீமைக் குடிக்கத்தான் செய்கிறார்கள். மேசையில் நான் வைத்த கருவியைப் பார்த்து, தெற்கிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் சிங்களத்தில் ஏதோ கேட்டது. அண்ணை பதில் சொன்னார். அந்த அம்மா மறுபடி ஏதோ சொல்லிவிட்டுத் தன் மகனின் வாயைத் துடைத்தார். என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"நாங்கள் நல்ல காத்து வாங்கத்தான் யாழ்ப்பாணம் வந்தது. இஞ்சையும் அளந்து பாக்கிற நிலைமை வந்திட்டுதோ எண்டு கேக்கிறா."

நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கொழும்புத்துறைக் கருவியை அக்கா வீட்டு விறாந்தைத் தூணில் மாட்டினேன். அன்று மாலை தாருவோடு வீடியோவில் பேசும்போது அவளுக்கு இருமல் வந்தது. பேச்சை முடிக்க முடியாமல் போனைத் தன் அப்பாவிடம் கொடுத்துவிட்டாள். பின்னால் அக்கா நின்றதை நான் கவனிக்கவில்லை.

"பிள்ளைக்கு முட்டு வருத்தமோ?"

இழுப்பு என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். வேலை பற்றி, ஒரு வருடம் பற்றி, எண்ணூர் பற்றி. "இந்த விளக்கு பச்சையிலேயே நின்னா அவளைக் கூட்டிட்டு வந்துடுவேங்க்கா. உங்க வீட்லயே இருக்கலாமா?" என்று கேட்டேன்.

அக்கா, ஏற்கெனவே துடைத்திருந்த மேசையை மறுபடி துடைத்தார். பிறகு, "அவவுக்கு என்னென்ன கூடாது?" என்றார். புகை, தூசி, சாம்பிராணி, கொசுவத்திச் சுருள் என்று சொல்லிக்கொண்டே போனேன். வகுப்பில் பாடம் ஒப்பிப்பதைக் கேட்கும் ரீச்சர் மாதிரித் தலையை ஆட்டிக் கேட்டார்.

மறுநாள் தாரு கூப்பிட்டபோது அக்காவே போனை வாங்கினார்.

"ஆன்ட்டி, அங்க கடல் பக்கமா?"

"பக்கம்தான் அம்மா. நீங்கள் ஓடிப்போய்ப் பாக்கலாம்."

"நான் ஓடினா மூச்சு வாங்கும் ஆன்ட்டி."

"அப்ப நடந்து போவம். எனக்கும் முழங்கால் நோதான்."

அதற்குப் பிறகு சில நாட்கள் மழை. மழை விட்ட பின்னும் கொழும்புத்துறையில் விளக்கு பச்சை. பஸ் நிலையத்தில் காலையில் சிவப்பு, இணுவிலில் சருகு எரியும் நேரம் மஞ்சள், நெல்லியடியில் சந்தை கூடினால் மஞ்சள். இங்கே மட்டும் காலையும் மாலையும் பச்சை. முதல் காலையில் பார்த்த நீலப்புகை எங்கே என்று யோசித்தேன். மழையில் சருகு நனைந்திருக்கும், மிச்சத்தை நீரேரிக் காற்று அள்ளிக்கொண்டு போயிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். வேண்டியதை நம்புவதற்குப் படித்தவர்களுக்கும் காரணம் கிடைத்துவிடுகிறது.

மனம் இங்கே குடியேறிவிட்டது. காலையில் வெள்ளைச் சீருடையும் இரட்டைப் பின்னலுமாக மாணவிகள் சைக்கிளில் போவார்கள். அவர்களில் யாரைப் பார்த்தாலும் தாரு தெரிந்தாள். அவள் எங்கள் தெருமுனை வரை ஓடியதில்லை. விளையாட்டு நேரத்தில் பள்ளிக்கூடப் படியில் உட்கார்ந்து மற்றப் பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தல்களைப் பார்த்துக்கொள்வாள். இந்த வீதியில் அவள் சைக்கிளை மிதித்து வருவதை நினைத்து, வீதியோரத்தில் நின்றபடியே அழுதேன். ஒரு பெண் சைக்கிளை நிறுத்தி, "அன்ரி, ஏதும் உதவி வேணுமோ?" என்று கேட்டாள். தூசி விழுந்துவிட்டது என்றேன். காற்றை அளக்க வந்தவளுக்குப் பொருத்தமான பதில்தான்.

சாப்பாடு மட்டும் மாறியிருந்தது. புட்டும் இடியப்பமும் சொதியும் தூக்குச்சட்டியில் வந்தன, கொஞ்சம் ஆறி. "தங்கச்சி வீட்டிலை சமைச்சது, எனக்குத் திருத்துற பேப்பர் கனக்க" என்றார் அக்கா. அந்தப் புகை மணம் இல்லை. அதைத் தேடிய என் நாக்கை நானே திட்டிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டு யோகம் அக்காவின் குரல் கேட்டது.

"ரீச்சர், உங்கடை உந்த மெஷினை எப்ப கழட்டுறது? சருகு குமிஞ்சுபோய்க் கிடக்கு. பாம்பு வரப்போகுது."

"இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கோ யோகம். கிடங்கு வெட்டித் தாட்டால் மரத்துக்குப் பசளையாகும் எண்டு சொன்னனான்தானே."

"நீங்கள் சொல்லுவியள். ஒழுங்கை முழுக்க ஒருத்தரையும் எரிக்க விடாமல் மறிச்சு வைச்சிருக்கிறியள். உங்கடை அடுப்பையும் அணைச்சு நூத்துப்போட்டு, தூக்குச்சட்டியோடை தங்கச்சி வீட்டுக்கு நடக்கிறியள். உங்களுக்கு என்ன நடந்தது?"

கையிலிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு, விறாந்தையில் நின்ற சிவமலர் அக்காவிடம் வந்தேன். முதலில் கோபம்தான் வந்தது. அத்தனை நாள் எண்களும் வீண். கொழும்புத்துறையின் காற்று இது என்று நான் எல்லோருக்கும் அனுப்பிய படங்கள் எல்லாம் வீண்.

"அக்கா, தெருவுல யாரும் எரிக்கக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்களா?"

"ஓம்."

"எதுக்குக்கா? நீங்க எப்பவும் போல இருந்தாத்தானே இந்த இடத்தோட நிஜமான காத்து தெரியும்? இப்ப இந்தப் பச்சை பொய்யில்லையா?"

அக்கா தூணில் இருந்த கருவியைப் பார்த்தார், பிறகு என்னை. "ஏன் பொய்? எரிக்கேல்லை, அதாலை புகை இல்லை. புகை இல்லை, அதாலை பச்சை. இதிலை எந்த வரி பிழை?"

"நான் ஊருக்குப் போனதும் மறுபடி எரிப்பீங்களே."

"பிள்ளை வந்தால் எரிக்க மாட்டன். சோதினைக்கு மட்டும் படிச்சுப்போட்டு மறக்கிற ஆள் இல்லை நான்."

அவர் குரல் இறங்கியது.

"இந்த வீட்டிலை ஒரு பிள்ளை ஓடித் திரிஞ்சதில்லை. கூட்டிக்கொண்டு வாறன் எண்டு நீங்கள் சொன்ன நாள் துவக்கம் எனக்கு வேறை நினைப்பு இல்லை. உது சிவப்புக் காட்டினால் நீங்கள் வர மாட்டியள். அதுதான் பிள்ளை."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஈரக் கையோடு நின்றதால் செய்யவில்லை.

அன்றே சென்னைக்கு உண்மையை எழுதினேன். அடுத்த ஒழுங்கையில் இன்னொரு கருவியை மாட்டினேன். அங்கே எப்போதும் போலச் சருகு எரிந்தது, அடுப்பும் எரிந்தது. அங்கே காலையில் மஞ்சள் எரிந்த நேரத்தில் எங்கள் ஒழுங்கையில் பச்சை எரிந்தது. மாநகரசபையிலிருந்து வந்த அதிகாரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எரிக்காதேங்கோ எண்டு நோட்டீஸ் ஒட்டுறதை விட இதைக் காட்டினால் சனம் கேக்கும்" என்றார். அக்காவின் கள்ளத்தனம் எங்கள் வேலைக்கே பயன்பட்டுவிட்டது. எனக்கோ பெரிய நிம்மதி. அந்தப் பச்சை நிஜம்தான். நிறுத்தினால் நிற்கிற புகைதான். அன்று தாருவிடம், "சீக்கிரம் உன்னைக் கூட்டிட்டு வரேன்டா" என்று வாக்கும் கொடுத்துவிட்டேன்.

நான் திரும்ப வேண்டிய நாள் வந்தது. மழை ஓய்ந்து, வாடைக்காற்று பலமாகத் தொடங்கியிருந்தது. காலையில் விறாந்தைக்கு வந்தபோது அக்கா குளித்த ஈரத் தலையோடு தூணின் முன்னால் நின்றார். விளக்கு சிவப்பு.

"நான் ஒண்டும் எரிக்கேல்லை" என்றார் என்னைக் கண்டதும். "வீடு வீடாய்ப் போய்ப் பாத்திட்டு வாறன். ஒருத்தரும் எரிக்கேல்லை. இவர் சுருட்டும் பத்தேல்லை. வெள்ளிக்கிழமை நாளிலை, சாமியறையிலை விளக்குக்கூட நான் இன்னும் கொழுத்தேல்லை. இன்னும் என்னத்தை நிப்பாட்ட?"

பிழை செய்யாமலே பிழை பிடிபட்டவர் போல நின்றார்.

போனை எடுத்து மற்றக் கருவிகளைப் பார்த்தேன். பஸ் நிலையம், இணுவில், நெல்லியடி, அடுத்த ஒழுங்கை, எல்லாம் விடியற்காலையிலிருந்து ஒன்றாக ஏறியிருந்தன. எந்த அடுப்பாலும் அது முடியாது. படலையைத் திறந்து பார்த்தேன். நீரேரிக்கு அக்கரையில் தினமும் தெரிகிற கரை தெரியவில்லை. வெள்ளையாக ஏதோ மூடியிருந்தது. மூடுபனி என்றால் வெயிலில் கலைந்திருக்கும்.

"இது உங்க புகை இல்லக்கா" என்றேன். "வடக்கேர்ந்து காத்து கடல் தாண்டிக் கொண்டுவருது. எங்க பக்கத்துப் புகை."

சொல்லும்போது கூசியது. இவர் எனக்காகச் சாமி விளக்கையும் ஏற்றாமல் இருக்கிறார். என் ஊர்ப் புகை என் பின்னாலேயே வந்து இவர் வீட்டு விறாந்தையில் நிற்கிறது.

"விசாவும் இல்லாமல் வந்திட்டுது" என்றார் தவராசா அண்ணை. யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "அப்ப அங்கை இருந்து பிள்ளை இந்தக் காத்தைத்தானே இழுக்குது?"

"இதைவிட மோசமாக்கா."

"ஒவ்வொரு நாளுமோ?"

"முக்கால்வாசி நாள்."

"இஞ்சை?"

"வாடை இப்படி வீசற நாள்ல வரும். மழை பெஞ்சா போயிடும். தெக்கேர்ந்து சோளகம் தொடங்கினா வராது."

கணக்கு ரீச்சர் மனதுக்குள் கூட்டிக் கழிப்பது முகத்தில் தெரிந்தது.

"உந்தக் காத்தை என்னாலை மறிக்கேலாது" என்றார். "என்ரை அடுப்பை மறிக்கலாம். அங்கை பிள்ளைக்காக ஆர் அடுப்பை நூக்கினம்?"

நான் திறந்திருந்த படலையைச் சாத்தினேன்.

"நான் போய் விளக்கைக் கொழுத்துறன். நீங்கள் வீட்டுக்குக் கதையுங்கோ" என்று உள்ளே போனார்.

கணவரைக் கூப்பிட்டேன். வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். பின்னால் தாரு இருமுவது கேட்டது.

"அங்க காத்து எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"இன்னிக்கு நல்லாயில்லை. நம்ம ஊர்க் காத்துதான் இங்கயும் வந்திருக்கு."

"அப்ப வேணாமா?"

சாமியறையில் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது.

"தாரு ஸ்கூல்ல டி.சி. கேளுங்க" என்றேன்.

அந்தக் காற்றிலேயே, அந்த வீட்டிலேயே, ஒரு வருடம் தனியாக இருக்கப்போகிறவர் அவர்.

"சரி" என்றார். "திங்கக்கிழமை போய்க் கேக்கறேன்."